ஏன் சாமி, ரோடு மோசமா, வண்டி மோசமா?

அப்பா இங்கிலாந்துக்கு வந்த இரண்டாம் நாள், அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு பக்ஸ்டனிலிருந்து மேக்கிள்ஸ்ஃபீல்டுக்குப் போனேன். பீக் டிஸ்ட்ரிக்ட் மேட்டின்மேல் வளைந்து வளைந்து போகும் ஏ537 சாலை. உச்சியில் இருக்கும் பழைய 'கேட் அண்ட் ஃபிடில்' விடுதியின் பெயரைச் சொன்னால்தான் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சாலை புரியும். மணிக்கு 50 மைல் வரம்பு, அதைப் பார்த்துக்கொள்ளச் சராசரி வேகக் கேமராக்கள். வேகமாகப் போக வழியில்லை. எனக்கும் அது வேண்டியதில்லை. காரை அப்பாவுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கார் 1991இல் ஹிரோஷிமாவில் செய்த மஸ்டா. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள், இங்கே எம்எக்ஸ்-5 என்கிறார்கள். 1989இல் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாக வெளியே வந்த அதே தலைமுறை. இரண்டே இருக்கை, 1.6 லிட்டர் எஞ்சின், எடை ஏறக்குறைய 950 கிலோ, விளக்கைப் போட்டால் தவளைக் கண்போல மேலே எழும்பும். நான்கு சக்கரத்தையும் காரோடு இணைக்க மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம் என்று இரட்டை விஷ்போன் அமைப்பு. அந்த விலைக்கு விற்ற காரில் அதைக் கொடுக்க மனசு வேண்டும். குதிரையும் வீரனும் ஒன்றாக இருப்பதைச் சொல்ல ஜப்பானிய மொழியில் 'ஜின்பா இட்டாய்' என்று ஒரு சொல் இருக்கிறது. இந்தக் காரைச் செய்தவர்கள் அந்தச் சொல்லைத்தான் முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

பத்து நிமிடம் அப்பா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒரு வலப்பக்க வளைவு. நடுவே தார் ஒட்டுப்போட்ட இடத்தில் கார் டக், டக், டக் என்று மூன்று முறை தத்தியது. மூன்றாவது தத்தலில் பின்பக்கம் ஓர் அடி தூரம் புல் ஓரத்தை நோக்கித் தள்ளிப்போயிற்று. ஸ்டியரிங்கைத் திருத்திப் பிடித்தேன். உள்ளங்கை வேர்த்துவிட்டது.

"ஏன் சாமி, ரோடு மோசமா, வண்டி மோசமா?"

"ரோடு நல்ல ரோடுதான்ப்பா."

"அப்பறம் எதுக்கு லோடு இல்லாத லாரியாட்டம் ஒதைக்குது?"

அப்பா பொள்ளாச்சியில் 22 வருடம் லாரி ஓட்டியவர். தேங்காய் லோடு ஏற்றிப் போகும்போது வண்டி தொட்டில்போல ஆடிப் போகும் என்பார். இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் விழும். லாரியின் பட்டா (அடுக்குத் தகடு ஸ்பிரிங்) மாறவில்லை, சாலையும் மாறவில்லை, பட்டாவின்மேல் இருந்த எடைதான் மாறியது. இதைப் பொறியியல் புத்தகத்தில் ஒரு சூத்திரமாகப் படித்திருக்கிறேன். ஸ்பிரிங்கின் விறைப்பை எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2πயால் வகுத்தால் வண்டி ஒரு விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்று வரும். சாதாரணக் குடும்பக் கார்கள் 1 முதல் 1.5 முறை ஆடும். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் 2க்குள் நிற்கும். அதற்கு மேலே போகப் போகப் பந்தயக் கார்களின் உலகம். என் கார் அந்தத் தார் ஒட்டுகளின்மேல் எத்தனை முறை ஆடியது என்று அளக்கவில்லை, ஆனால் வெறும் லாரி என்ற ஒப்புமை சரியாகப் பொருந்தியது.

எட்டு மாதத்துக்கு முன் வாங்கியபோதே கார் தாழ்வாக இருந்தது. முந்தைய உரிமையாளர் குட்டை ஸ்பிரிங்கும் கோனி கம்பெனியின் மஞ்சள் நிற ஷாக் அப்சார்பர்களும் மாட்டியிருந்தார். அந்த மஞ்சள் கோனியில் தண்டின் உச்சியில் ஒரு சிறு குமிழ் உண்டு. ஏறக்குறைய இரண்டு சுற்று திரும்பும். வலப்பக்கம் திருப்பத் திருப்ப இறுகும். வாங்கிய வாரமே நான்கையும் கடைசிவரை இறுக்கிவிட்டேன். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இறுக்கமாகத்தானே இருக்க வேண்டும் என்ற நினைப்பு. பழைய காரை வாங்குகிறவர்களில் நிறையப் பேர் செய்யும் முதல் தவறு இதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே ஆளைக் குழப்புகிறது. பள்ளத்தின் அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்காமல் ஸ்பிரிங் விடாது. ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் ஆடிக்கொண்டே இருப்பதுபோல அது ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய் நிரம்பிய குழாய், அதில் தண்டோடு சேர்ந்து மேலும் கீழும் போகும் பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகள், துளைகளின்மேல் மெல்லிய எஃகு வட்டத் தகடுகள். எண்ணெய் அந்தத் தகடுகளை வளைத்துத்தான் மறுபக்கம் போக வேண்டும். கூழில் கரண்டியை மெதுவாக ஓட்டினால் ஓடும், வேகமாக இழுத்தால் எதிர்க்கும். ஷாக்கும் அப்படித்தான். அசைந்தால்தான் அதற்கு வேலை. நிற்கும் காரைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை இல்லை. வளைவில் கார் எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) தீர்மானிக்கும். அந்தச் சாய்வுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் என்பதை மட்டும் ஷாக் தீர்மானிக்கும்.

அந்த ஆட்டத்தின் ஆற்றல் எண்ணெயில் சூடாக மாறுகிறது. ஓட்டி முடித்ததும் ஷாக்கின் உடலைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். நான்கில் மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த ஒன்று செத்துவிட்டது. அன்று மாலை வீட்டு முன்னால் படுத்துத் தொட்டுப் பார்த்தேன் (பிரேக் டிஸ்க் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தோல் உரிந்துவிடும்). நான்கும் ஒரே சூடு. ஆக, ஷாக்குகள் உயிரோடு இருந்தன. கோளாறு வேறெங்கோ.

முதலில் அகப்பட்டது டயர் காற்று. போன மாதம் டயர் மாற்றிய கடையில் 34 பிஎஸ்ஐ அடித்து அனுப்பியிருந்தார்கள். இந்தக் காருக்குக் கம்பெனி சொல்வது 26. ஒன்றரை டன் காருக்கு அடிக்கிற காற்றை 950 கிலோ காருக்கு அடித்தால், டயரே ஒரு விறைத்த ஸ்பிரிங்காகிவிடும். 26க்குக் குறைத்ததும் கொஞ்சம் தணிந்தது. ஆனால் அந்த மூன்று தத்தல் போகவில்லை.

மறுநாள் காலை ஒரு ஜிப் டை, அதாவது ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் நாடா, எடுத்தேன். சஸ்பென்ஷன் வேலைக்கு இதைவிட மலிவான, இதைவிட உண்மை பேசும் கருவி கிடையாது. ஷாக்கின் தூசி உறையை விலக்கி, பளபளக்கும் தண்டைச் சுற்றி ஜிப் டையைக் கட்டி, குழாயின் வாயை ஒட்டி இறக்கிவிட வேண்டும். ஷாக் அமுங்கும்போது குழாய் அதை மேலே தள்ளும். திரும்ப நீளும்போது அது அங்கேயே நின்றுவிடும். சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு மேலே போனது என்பதற்கு அது சாட்சி.

எங்கள் தெருவைத் தாண்டவில்லை. முனையில் ஒரு வேகத்தடை, அவ்வளவுதான். திரும்பி வந்து ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜிப் டை தண்டின் மேல்கோடிக்குப் போய், அங்கிருக்கும் நுரை ரப்பர் தடுப்பில் பதிந்து கிடந்தது. பம்ப் ஸ்டாப் என்பார்கள் அதை. ஷாக் முழுதும் அமுங்கி இரும்போடு இரும்பு மோதாமல் காப்பாற்றும் கடைசிக் காவல். அன்றாடம் அதைத் தொடக்கூடாது.

அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து இடைவெளியை அளந்தேன். குழாயின் வாய்க்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே 8 மி.மீ. என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. விஷ்போன் ஒரு நெம்புகோல். சக்கரம் 10 மி.மீ. மேலே போனால் ஷாக் ஏறக்குறைய 7 மி.மீ.தான் அமுங்கும். கணக்குப் போட்டால், சக்கரம் 11 மி.மீ. எழும்புவதற்குள் கார் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு நுரை ரப்பரின்மேல் ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கணத்தில் விறைப்பு சட்டென்று பல மடங்காகிறது. எட்டு மாதமாக நான் "கார் நல்லா இறுக்கமா இருக்கு" என்று மெச்சிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அதோடு என் குமிழ்த் திருகலும் சேர்ந்துகொண்டது. மஞ்சள் கோனியின் குமிழ், ஷாக் நீளும் திசையை மட்டும்தான் இறுக்கும். அமுங்கும் திசையைத் தொடாது. கடைசிவரை இறுக்கினால் சக்கரம் எளிதாக மேலே போகும், கீழே வரத்தான் தயங்கும். மணிக்கு 50 மைல் என்றால் விநாடிக்கு 22 மீட்டர். தார் ஒட்டுகள் நாலு மீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. முதல் மேட்டில் அமுங்கிய ஷாக் நீண்டு முடிவதற்குள் இரண்டாவது மேடு வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் அமுங்குகிறது. மூன்றாவதில் பம்ப் ஸ்டாப். கார் தன்னைத்தானே பம்ப் அடித்துக் கீழே இறக்கிக்கொள்கிறது. டக், டக், டக், அப்புறம் புல் ஓரம். அன்றைக்கு வளைவில் நடந்தது இதுதான் என்று படிப்படியாகப் புரிந்தபோது, தரையில் படுத்திருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பக்கத்து இருக்கையில் அப்பாவை வைத்துக்கொண்டு அந்தக் காரை ஓட்டியிருக்கிறேன்.

அப்பா இருந்த மூன்று வாரத்தில் வேலையை முடித்துவிடுவது என்று இறங்கினோம். கம்பெனி நீளத்து ஸ்பிரிங்குகளைப் பழைய சாமான் கழிக்கிற ஒருவரிடம் வாங்கினேன். ஷாக்கின் உச்சியைக் காரோடு பிடித்திருக்கும் மேல் மவுன்டுக்கு, 1998இல் தொடங்கிய இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5இன் மவுன்டுகள். அவை இந்தக் காரிலும் பொருந்தும், தண்டு அமுங்கக் கூடுதல் இடம் கொடுக்கும். முதல் தலைமுறைக் காரை வைத்திருக்கிறவர்கள் நடுவே இது ரொம்ப நாளாகத் தெரிந்த கைவைத்தியம். பம்ப் ஸ்டாப்பும் குட்டையாக வேறு. மேலே இரண்டு நட், கீழே ஒரு போல்ட், மூலைக்கு இவ்வளவுதான் ஷாக்கைப் பிடித்திருப்பது. ஆனால் இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். முப்பது குளிர்காலத்து உப்பு அந்தக் கீழ் போல்ட்டில் இருந்தது. ஒரு மூலையைக் கழற்ற ஒரு முழு சனிக்கிழமை போயிற்று. முன்சக்கரம் மாட்டும் ஹப்பின்மேல் அப்பா ஏறி நின்று அமுக்க, நான் ஷாக்கை வெளியே இழுத்தேன். எழுபது வயது ஆளை அப்படி நிறுத்தியது சரியில்லைதான், ஆனால் வேறு யாரையும் அவர் நிற்க விடவில்லை.

இதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு வாங்கிச் செய்கிற பட்டறைகளிலேயே இதைத் தவறவிடுகிறார்கள். என் காரிலும் முன்பு ஒரு பட்டறையில் தவறவிட்டிருந்தார்கள். விஷ்போனின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் சுழலாது. ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும், ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கும். போல்ட்டை இறுக்கும்போது உள்குழாய் பூட்டிக்கொள்கிறது. லிஃப்டில் சக்கரங்கள் தொங்கும் நிலையில் இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை. காரைத் தரையில் இறக்கிய உடனே எல்லா ரப்பரும் முறுக்கிக்கொண்டு நிற்கும், நிற்கும்போதும் ஓடும்போதும். காரைக் கள்ளத்தனமாக மேலே தூக்கிப் பிடிக்கும், சில மாதத்தில் கிழிந்தும் போகும். ஆகவே எல்லா போல்ட்டையும் கையிறுக்கமாக விட்டு, காரைப் பலகைகளின்மேல் சக்கரம் ஊன்றி நிறுத்தி, நாலு முறை அமுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் கடைசி இறுக்கு.

"ஆள் உக்காந்த மாதிரி லோடு வெக்கோணுமல்ல?" என்றார் அப்பா.

வீட்டில் தமிழ்க் கடையில் வாங்கிய அரிசி இருந்தது. 20 கிலோ மூட்டை மூன்று, 10 கிலோ ஒன்று. ஓட்டுநர் இருக்கையில் வலப்பக்கம் 70 கிலோ பொன்னி அரிசியைப் பெல்ட் போட்டு உட்கார வைத்தோம். என் எடை 72. அப்படியே காரின் கீழே போய் ஒவ்வொரு போல்ட்டையும் தளர்த்தினேன். பின் இடது கீழ் ஆர்மின் போல்ட்டைத் தளர்த்தியபோது 'டொக்' என்று ஒரு சத்தம், கார் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு மூச்சு இறங்கியது. அத்தனை நாள் முறுக்கிக்கொண்டிருந்த ரப்பர் விட்டுக்கொடுத்த சத்தம் அது. அந்தச் சத்தத்துக்காகவே அந்த மூன்று வாரத்தையும் இன்னொருமுறை செய்வேன்.

எல்லாம் முடிந்து அளந்தபோது, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை 335 மி.மீ. முன்பு 305. பம்ப் ஸ்டாப்புக்கு 40 மி.மீ. இடைவெளி. சக்கரம் எழும்ப 57 மி.மீ. இடம் கிடைத்துவிட்டது. அலைன்மென்ட்டையும் புதிதாகப் பார்த்தோம். முன்சக்கரங்கள் ஒரு டிகிரி உள்சாய்வு, பின்சக்கரங்கள் ஒன்றரை டிகிரி, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டிலும் கிட்டத்தட்ட பூஜ்யம், பின்னால் மட்டும் ஒரு துளி உள்நோக்கி. காருக்குள் அரிசி இருப்பதைப் பார்த்த அலைன்மென்ட் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி குமிழ்கள். கோனிக்காரர்களே சொல்வது, கடைசிவரை தளர்த்தித் தொடங்கு, தேவைப்படும் அளவுக்கு மட்டும் இறுக்கு என்பது. நான்கையும் முழுதாகத் தளர்த்தினேன். வீட்டைச் சுற்றி மூன்று மைல் வட்டம் ஒன்று தேர்ந்தெடுத்தோம். அதில் ஒரு நீண்ட தாழ்வு, ஒரு கால்வாய்ப் பாலத்தின் கூன், ஒரு ஒட்டுப்போட்ட வளைவு. அரை டேங்க் பெட்ரோல், குளிர்ந்த டயரில் 26, ஒவ்வொரு முறையும் அப்படியே. நான் ஓட்டுவேன், அப்பா ஒரு பழைய டைரியில் எழுதுவார்.

முழுத் தளர்வில் கார் பாலத்தைத் தாண்டியபின் இரண்டு முறை மிதந்தது. தாழ்வில் பின்பக்கம் உட்கார்ந்து எழுந்தது. ஆனால் ஒட்டுப்போட்ட வளைவில் சக்கரம் சாலையை விடவே இல்லை. முன்னால் கால் சுற்று இறுக்கினோம், மிதப்பு ஒன்றரையாயிற்று. அரைச் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம், நின்றுவிட்டது. சரி, இன்னும் கொஞ்சம் என்று முக்கால் சுற்றுக்குப் போனால், பாலத்தில் இன்னும் அழகாக இருந்தது, ஒட்டுப்போட்ட வளைவின் இரண்டாவது மேட்டில் லேசாகக் கடித்தது. அப்பாவின் கையெழுத்தில் அந்த வரி இப்படி இருக்கிறது: "முக்கா - ரெண்டாவது குதி கெட்டி". அரைச் சுற்றுக்குத் திரும்பினோம்.

பின்பக்கம் எவ்வளவு என்பதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1930களின் தொடக்கத்தில் கடிலாக்கில் வேலை பார்த்த மாரிஸ் ஓலி என்ற பொறியாளர், காரின்மேல் எடைகளை இடம் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தார். முன்சக்கரம் மேட்டில் ஏறிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின்சக்கரம் ஏறுகிறது. என் காரில் முன்னுக்கும் பின்னுக்கும் 2265 மி.மீ., அதாவது 50 மைல் வேகத்தில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் முன்பக்கத்தைப் பிடித்துவிடும். முன்னும் பின்னும் தலையாட்டுவது நின்று, கார் ஒரே தட்டாக எழுந்து இறங்கும். பின்னால் அளவுக்கு மேல் இறுக்கினால் அது பிடிக்க முடியாமல் இழுபடும். நாங்கள் பின்னால் அரைச் சுற்று வைத்து நிறுத்தியிருந்தோம்.

அப்பா ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மறுபடி பக்ஸ்டனிலிருந்து ஏறினோம். காற்று பலமாக இருந்தது, ஆனாலும் மேல்கூரையைத் திறந்துதான் போனோம். அந்த வலப்பக்க வளைவு வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் ஒரே மாதிரி, ஒரே அளவு, கீழே எங்கேயோ. கார் போட்ட கோட்டில் போய்க்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மைல் தள்ளி வண்டி ஒதுக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கி, முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பச் சொல்லி, முட்டி போட்டு உட்கார்ந்து, ஜிப் டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்தார்.

"ஒரு வெரக்கடை மிச்சமிருக்குது" என்றார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "முன்னாடி தொடாத. பின்னாடி ஒரு கால் சுத்து கொறச்சுப் பாரு சாமி, மேட்டுல ஏறுறப்ப கொஞ்சம் இழுக்குது."

பின் ஷாக்குகளின் குமிழ்கள் இருக்கும் பின்பக்கப் பெட்டியைத் திறந்தேன். காற்றில் மூடி விழாமல் அவர் பிடித்துக்கொண்டார்.